சனி இரவு வேண்டாம், செவ்வாய் காலை

ஆர்டர், பேமென்ட், நோட்டிஃபிகேஷன், ரிப்போர்ட் என்று நம் கிளஸ்டரில் சேவைகளை ஓட்டும் எல்லா டெவலப்மென்ட் டீம்களுக்கும்,

"கிளஸ்டர் அப்கிரேட், சனிக்கிழமை இரவு 11 மணி முதல் அதிகாலை 3 மணி வரை" என்று சில மாதங்களுக்கு ஒருமுறை உங்களுக்கு ஒரு மெயில் வருமே, அதை அனுப்புவது நான்தான். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பதும் தெரியும். வருத்தமில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை நானும் அப்படித்தான் பார்க்கிறேன். நம் ஏரியா பெயர் இருக்கிறதா, இருந்தால் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பு, அவ்வளவுதான்.

இந்தத் தடவை நாளையும் நேரத்தையும் மாற்றப்போகிறேன். குபர்னெட்டிஸ் 1.32-லிருந்து 1.33-க்குப் போகும் வேலை செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குத் தொடங்கும். கூட்டம் இருக்கும் நேரம்தான். நீங்களும் இருக்கும் நேரம். ஏன் இப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

போன அப்கிரேடில் நடந்ததைச் சொல்கிறேன். கன்ட்ரோல் பிளேன் நள்ளிரவுக்கு முன்பே புதிய பதிப்புக்கு ஏறிவிட்டது. அது அமேசான் பார்த்துக்கொள்ளும் பகுதி; பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்தேன். பிறகு நோட்கள். புது நோட் எழும், பழைய நோட் புதிதாக யாரையும் ஏற்காது, அதில் இருக்கும் பாட்கள் ஒவ்வொன்றாக வெளியேறும், காலியான நோட் அணையும். முதல் இரண்டு நோட் அப்படியே போயின. மூன்றாவது நோட் நகரவில்லை. 15 நிமிடம் பார்த்துவிட்டு ஈகேஎஸ், அதாவது அமேசானின் மேனேஜ்டு குபர்னெட்டிஸ், கையை விரித்துவிட்டது: பாட் வெளியேற்றம் தோல்வி. (பாட் என்ற சொல்லோடு ஐ உருபைச் சேர்த்தால் பாடை ஆகிவிடுகிறது. பகலில் அதைத் தவிர்த்து எழுதுவேன். அந்த நேரத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது.)

எது அடைக்கிறது என்று பார்க்க நானே கையால் டிரெயின் கட்டளை கொடுத்தேன். திரையில் ஒரே வரி. இதை வெளியேற்றினால் இதன் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் மீறப்படும், 5 விநாடி கழித்து மறுபடி முயல்கிறேன். ஐந்து விநாடிக்கு ஒரு முறை அதே வரி, ஒன்றின் கீழ் ஒன்றாக. அந்தச் சேவைக்கு ரெப்ளிகா 1. டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டில் குறைந்தது 1 பாட் எப்போதும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இருப்பதே ஒன்று, அந்த ஒன்றும் போகக் கூடாது. குபர்னெட்டிஸ் சொன்ன சொல்லை அப்படியே கேட்டது. அதன் மேல் தப்பு சொல்ல எதுவுமில்லை.

ரெப்ளிகாவை 2 ஆக்கினால் பூட்டு திறந்துவிடும். ஒரு வரி கட்டளை. டைப் அடித்தும் விட்டேன். என்டர் தட்டுவதற்கு முன் சேவையின் பெயரில் "ஷெட்யூலர்" என்ற சொல் கண்ணில் பட்டது. தயங்கினேன். அதை எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் டீமில் இருந்த ஒருவரை அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பினேன். தூக்கக் குரலில் சொன்னார்: "ஐயோ அண்ணா, ரெண்டு ஓடினா எல்லா கஸ்டமருக்கும் எஸ்எம்எஸ் ரெண்டு தடவ போகும்." ரெப்ளிகாவை 0 ஆக்கி, பாட் முழுதாக இறங்கியதைப் பார்த்துவிட்டு, நோடைக் காலி செய்து, மறுபடி 1 ஆக்கினேன். அந்தச் சில நிமிடத்தில் போக வேண்டிய எஸ்எம்எஸ் எதுவும் இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

இரண்டாகப் பெருக்கக் கூடாது என்ற அந்த விவரம் யாம்லில் இல்லை, ரீட்மீயில் இல்லை, எங்கள் டாஷ்போர்டில் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தலைக்குள் இருந்தது. அப்கிரேடுக்குத் தயாராவது என்று நான் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். உங்கள் தலைக்குள் இருப்பதை நான் முன்கூட்டியே கேட்டு வாங்குவது.

"அதுதான் மேனேஜ்டு கிளஸ்டர் ஆயிற்றே, அமேசான் பார்க்காதா?" என்று போன வாரம்கூட ஒருவர் கேட்டார். ஏபிஐ சர்வர், எட்சிடி, அவற்றின் பேக்கப், அவை ஒன்று விழுந்தால் இன்னொன்று எழுவது, இதெல்லாம் அவர்கள் கணக்கு. வாடகை வீடு மாதிரி. சுவர், மோட்டார், மாடிப்படி விளக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. பரணில் நாம் ஏற்றி வைத்த பித்தளை அண்டாவை இறக்க அவர் வரமாட்டார். அதோடு கன்ட்ரோல் பிளேன் மேலே ஏறியபின் பழைய பதிப்புக்கு இறங்கலாம் என்று நம்பி நான் திட்டம் போடுவதில்லை. ஏறுவதற்கு முன் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதா என்றால், போடலாம், காசு கொடுத்து. குபர்னெட்டிஸ் வருடத்துக்கு மூன்று பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்பையும் ஈகேஎஸ் 14 மாதம் வழக்கமான விலையில் வைத்திருக்கும், ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர். அதற்குமேல் இன்னும் 12 மாதம் இருக்கலாம், ஆனால் மணிக்கு 0.60 டாலர். ஒரு கிளஸ்டருக்கு வருடம் முழுக்கக் கணக்குப் போட்டால் கூடுதலாக 4,380 டாலர். அந்த 12 மாதமும் தீர்ந்தால் அமேசானே ஏற்றிவிடும். அப்போது நாள் குறிப்பது நாம் இல்லை. இடையில் தாவவும் முடியாது. 1.30-ல் தேங்கிய கிளஸ்டர் 1.33-க்கு வர 1.31, 1.32 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். தள்ளிப்போட்டவர்கள் ஒரே மாதத்தில் மூன்று அப்கிரேட் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

சரி, எது உடையும்?

பழைய கதை, ஏபிஐ நீக்கம். 1.16-ல் டிப்ளாய்மென்ட்டின் பழைய பீட்டா வடிவங்கள் போயின. 1.22-ல் இன்கிரஸின் பீட்டா வடிவங்கள். 1.25-ல் கிரான்ஜாபின் பீட்டா, டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டின் பீட்டா, பாட் செக்யூரிட்டி பாலிசி மொத்தமும். 1.33-ல் அந்த அளவுக்குப் பெரிய வெட்டு இல்லை. எண்ட்பாயின்ட்ஸ் என்ற பழைய ஏபிஐக்கு "இனி இதை நம்பாதீர்கள், எண்ட்பாயின்ட்ஸ்லைஸ் பக்கம் போங்கள்" என்ற எச்சரிக்கை மட்டும். ஆனாலும் இதில் உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. ஏபிஐ நீக்கப்பட்டால் ஓடிக்கொண்டிருக்கும் சேவை சாகாது. உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டைப் புது வடிவத்தில் கேட்டால் ஏபிஐ சர்வர் புது வடிவத்தில் தரும். பழைய வடிவத்தில் மறுபடி அனுப்பும்போதுதான் அப்படி ஒன்று இல்லை என்று கதவைச் சாத்தும். அதனால் அப்கிரேட் நடக்கும் அன்று எல்லாம் பச்சையாகத் தெரியும். அடுத்த ரிலீஸ் போடும் நாளில் சிவப்பாகும். அப்போது "நாங்கள் எதையும் மாற்றவில்லையே" என்பீர்கள். உண்மைதான், மாற்றாததுதான் பிரச்சினை.

ஹெல்ம் இதை இன்னும் சிக்கலாக்கும். ஒவ்வொரு ரிலீஸிலும் என்ன அனுப்பினோம் என்பதை ஹெல்ம் கிளஸ்டருக்குள்ளேயே ஒரு சீக்ரெட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அந்தப் பழைய குறிப்பை எடுத்துப் புதியதோடு ஒப்பிடும். குறிப்பில் இருக்கும் ஏபிஐ இப்போது இல்லையென்றால், உங்கள் புதிய சார்ட் சுத்தமாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே சார்ட்டைத் திருத்துவது மட்டும் போதாது. கிளஸ்டர் ஏறுவதற்கு முன் திருத்திய சார்ட்டை ஒருமுறை டிப்ளாய் செய்திருக்க வேண்டும். "பிராஞ்ச்சில் ரெடியா இருக்கு" என்பது எனக்கு உதவாது. விட்டுப்போனதைச் சரிசெய்ய மேப்கியூப்ஏபிஐஸ் என்று ஒரு ஹெல்ம் பிளக்இன் உண்டு. அது ஆபத்துக்கு.

இதையெல்லாம் தேடித் தரும் கருவிகளை நாங்கள் ஓட்டுகிறோம். ஃபைல்களுக்கு புளூட்டோ, கிளஸ்டருக்குள் யார் பழைய ஏபிஐயை அழைக்கிறார்கள் என்பதற்கு ஈகேஎஸ் தரும் அப்கிரேட் இன்சைட்ஸ். அந்த இன்சைட்ஸ் பார்ப்பது கடைசி 30 நாள் ஆடிட் லாகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடும் காலாண்டு ரிப்போர்ட், மார்ச் 31 அன்று மட்டும் எழுந்து உட்காரும் நிதியாண்டு முடிவு வேலை, இவை அதன் கண்ணில் படாது. நம்மிடம் அப்படிப்பட்டவை எத்தனை என்று நான் எந்தத் திரையைப் பார்த்தும் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த முறை எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். 1.32-தான் அமேசான் லினக்ஸ் 2-க்கான நோட் இமேஜ் கிடைக்கும் கடைசிப் பதிப்பு. 2025 நவம்பர் 26-க்குப் பிறகு அந்த இமேஜ்களுக்கு ஆதரவும் நின்றுவிட்டது. 1.33 என்றால் நமக்கு அமேசான் லினக்ஸ் 2023. பெயரளவில் ஓஎஸ் மாற்றம். கண்டெய்னருக்குள் இருக்கும் உங்களுக்கு என்ன வந்தது என்று தோன்றும். வருவது சிகுரூப் வழியாக. கண்டெய்னர் எவ்வளவு மெமரி தின்னலாம் என்ற வரம்பைக் கெர்னல் எழுதி வைக்கும் இடம் அது. பழைய நோட்களில் சிகுரூப் முதல் பதிப்பு, புதியதில் இரண்டாவது. இரண்டிலும் ஃபைல் பெயர்களும் அடுக்கும் வேறு.

ஜாவா டீம்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். ஜாவா 8-ன் 191-ஆம் அப்டேட் முதலே கண்டெய்னர் வரம்பைப் படிக்கத் தெரியும், ஆனால் பழைய அடுக்கில் மட்டும். புதிய அடுக்கைப் படிக்கக் கற்றது ஜாவா 15-ல். அது பின்னோக்கி 11.0.16-க்கும் 8-ன் 372-ஆம் அப்டேட்டுக்கும் வந்தது. அதற்கு முந்தைய ஜாவா புதிய நோடில் எழுந்தால் கண்டெய்னர் வரம்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. நோட் முழுதும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். ஹீப் அளவை நீங்கள் குறிப்பிடவில்லை என்றால், தான் பார்க்கும் மெமரியில் கால்வாசியை உச்சவரம்பாக வைக்கும். 16 ஜிபி நோட், கண்டெய்னருக்கு நீங்கள் கொடுத்தது 1 ஜிபி. ஜாவா மனதில் 4 ஜிபி ஹீப். குப்பை கூட்ட அவசரமில்லை என்று ஹாயாக வளர்ந்துகொண்டே போகும். 1 ஜிபியைத் தாண்டும் கணத்தில் கெர்னல் அடித்துப் போடும். லாகில் ஒரு வரி புலம்பல்கூட இருக்காது; வெளியேறிய எண் 137 மட்டும் இருக்கும். தொடங்கிய உடனே சாகாது என்பதுதான் இதில் கொடுமை. லோடு ஏறும்வரை பொறுத்திருந்து சாகும். சனி இரவு செய்தால் திங்கட்கிழமை பதினொன்றரைக்கு, நான் அப்கிரேடை மறந்து நிம்மதியாக இருக்கும்போது.

ஹீப் அளவை எக்ஸ்எம்எக்ஸ் போட்டு எழுதியவர்கள் இதில் தப்பிப்பார்கள். மற்றவர்கள் தங்கள் பாட்களுக்குள் நுழைந்து ஜாவா பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. டாக்கர்ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லாதீர்கள். பேஸ் இமேஜ் மூன்று வருடம் முன்பு யாரோ நம் ரெஜிஸ்ட்ரிக்கு நகல் எடுத்து வைத்ததாக இருக்கும்.

இதே மாற்றத்தில் இன்னொன்று. சில சேவைகள் தங்களுக்கென்று அனுமதி வாங்காமல், நோடின் அடையாளத்தைக் கடன் வாங்கி எஸ்3-ஐத் தொடுகின்றன. 169.254.169.254 என்ற முகவரியில் கேட்டால் கிடைத்துவந்தது. மேனேஜ்டு நோட் குரூப்பில் அமேசான் லினக்ஸ் 2023-ன் இயல்பு அமைப்பு அந்தப் பதிலை ஒரு நெட்வொர்க் தாவலுக்கு (ஹாப்) மேல் போகவிடாது. கண்டெய்னர் இரண்டாவது தாவலில் இருக்கிறது. அமைப்பைத் தளர்த்தி இரண்டாக்கலாம். செய்யமாட்டேன். சர்வீஸ் அக்கவுண்டுக்கு ரோல் கேளுங்கள், அன்றே தருகிறோம்.

"கருவி எல்லாம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டதே, அப்புறம் என்ன" என்கிறவர்களுக்கு ரெடிட்டைச் சொல்வேன். 2023 மார்ச் 14 அன்று ரெடிட் 314 நிமிடம் படுத்தது. 1.23-லிருந்து 1.24-க்குப் போன அப்கிரேட். அது அவர்களே நடத்திய கிளஸ்டர், நம்முடையது போல மேனேஜ்டு இல்லை. ஆனால் காரணத்தைப் பாருங்கள். கன்ட்ரோல் பிளேன் நோட்களுக்கு ஒட்டியிருந்த லேபிளில் "மாஸ்டர்" என்ற சொல் இருந்தது. அதை மாற்றப்போகிறோம் என்று பல பதிப்புகளுக்கு முன்பே அறிவித்து, 1.24-ல் எடுத்துவிட்டார்கள். ரெடிட்டின் நெட்வொர்க்கில் ரூட் ரிஃப்ளெக்டர் என்று ஒரு ஏற்பாடு. எந்த நோட்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது அந்த "மாஸ்டர்" லேபிளை வைத்துத்தான் எழுதப்பட்டிருந்தது. லேபிள் போனதும் அந்த வேலைக்கு ஆள் இல்லை. கிளஸ்டருக்குள் யாரும் யாரையும் எட்ட முடியவில்லை. பின்னோக்கி இறங்க வழியில்லாமல் பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினார்கள், அதற்கு ஒரு கும்பிடு. அதில் என்னை உறுத்தியது, அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களும் அது இருப்பதை அறிந்தவர்களும் வேறு வேலைக்கும் வேறு கம்பெனிக்கும் போயிருந்தார்கள் என்பது. நம் எஸ்எம்எஸ் ஷெட்யூலர் கதைதான், ஐந்து மணி நேர அளவில்.

இனி செவ்வாய்க்கு வருகிறேன். இரவு என்றால் பாதிக்கப்படும் கஸ்டமர் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோட் ஒன்று காலியாவது அப்கிரேடில் மட்டும் நடப்பதில்லை. ஸ்பாட் நோடை அமேசான் இரண்டு நிமிட அறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்கிறது, ஹார்டுவேர் பழுதாகிறது. அவை முகூர்த்தம் பார்ப்பதில்லை. காலை 11 மணிக்கு ஒரு நோட் போனால் தாங்காத சேவை ஏற்கெனவே உடைந்துதான் இருக்கிறது; அதை நாம் எல்லோரும் ஆபீஸில் இருக்கும்போது தெரிந்துகொள்வது நல்லது. தவிர, 1.28-லிருந்து நோட்கள் கன்ட்ரோல் பிளேனைவிட மூன்று பதிப்புவரை பின்தங்கி ஓடலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் கட்டாயம் இல்லை. செவ்வாய் கன்ட்ரோல் பிளேன், கோர்டிஎன்எஸ் வகையறா. புதன் முதல் தினம் ஒரு நோட் குரூப். பேமென்ட் கடைசி. மாதத்தின் முதல் வாரத்தில் எதையும் தொடமாட்டேன், சம்பள நாள் லோடு எனக்கும் தெரியும்.

அதற்குள் உங்களிடம் கேட்பது: டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டைத் திறந்து, ஒரு பாட் போகவாவது இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பிரதி ஓடக்கூடாத சேவை என்றால் எழுதித் தாருங்கள், ஒரு வரி போதும். பிறகு, உங்கள் பாட் ஒழுங்காக விடைபெறுகிறதா என்பது. கிளம்பு என்று சிக்டெர்ம் வந்தபின் இயல்பாக 30 விநாடி கிடைக்கும், அதன் பிறகு கழுத்தைப் பிடித்துத் தள்ளல்தான். கண்டெய்னரில் முதல் புரோசஸாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டை வைத்து அதற்குள்ளிருந்து உங்கள் புரோகிராமை ஓட்டியிருந்தால், சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடும். உங்கள் கோடில் எழுதிய அழகான ஷட்டவுன் ஃபங்ஷன் ஒருநாளும் ஓடியிருக்காது. ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் "எக்ஸெக்" என்ற ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. நம்மிடம் இப்படி இரண்டு சேவைகளை ஸ்டேஜிங்கில் பிடித்தேன். பெயர் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அட்மிஷன் வெப்ஹுக் போட்டிருப்பவர்கள் தனியாக என்னிடம் பேசுங்கள். உங்கள் வெப்ஹுக் பாட் விழுந்திருக்கும் நேரத்தில் கிளஸ்டரில் வேறு பாட்கள் எதுவும் எழ முடியாத மாதிரி ஒருவர் அமைத்திருக்கிறார். இபிஎஸ் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு: டிஸ்க் எந்த ஸோனில் இருக்கிறதோ அதே ஸோனில்தான் உங்கள் பாட் எழும், அங்கே நோட் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். சப்நெட்டில் அப்கிரேடுக்குத் தேவையான ஐந்து காலி ஐபி முகவரி, ஆட்ஆன்களின் பதிப்பு, பேக்கப், இவையும் என் பாடு. அவற்றைச் சொல்லி உங்களுக்குச் சலிப்பூட்டவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் மாடி மீட்டிங் ரூமில் இருப்பேன். ஸ்டேஜிங் ஏற்கெனவே 1.33-ல் ஓடுகிறது. ஸ்லைடு கிடையாது. டீமுக்கு ஒருவர், லேப்டாப்போடு, தன் சேவையைப் பற்றி யாம்லில் இல்லாத ஒரு விஷயமாவது தெரிந்தவர் வரட்டும். உங்கள் சேவை ஓடும் நோடை உங்கள் கண்ணெதிரே காலி செய்கிறேன், என்ன ஆகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அந்த எஸ்எம்எஸ் ஷெட்யூலர் இன்னும் ஒற்றை ரெப்ளிகாவில்தான் ஓடுகிறது. அன்று தூக்கத்தில் போனை எடுத்த தம்பியும் இப்போது வேறு டீமுக்குப் போய்விட்டார். அதற்கு இன்று யார் பொறுப்பு என்று தெரிந்தவர்கள், வியாழன் வரை காத்திருக்காமல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.

இப்படிக்கு,
பிளாட்ஃபார்ம் டீமிலிருந்து,
சனி இரவு மெயில் அனுப்புகிறவன்